பாட்டிலிருந்து எழுத்துக்கு: மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் பெண்பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடங்குவது எப்படி

மேலூர், உசிலம்பட்டி, பேரையூர், சேடப்பட்டி என்று மதுரையைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் இப்படி ஒரு பிள்ளையைப் பார்க்கலாம். எட்டாம் வகுப்பு வரை வந்திருப்பாள். புத்தகத்தை நீட்டினால், எழுத்துக்கூட்டி ஒரு வரியைத் தாண்டுவதற்குள் முகம் வாடிவிடும். அதே பிள்ளை முளைப்பாரிக் கும்மியில் நின்றால் அரைமணி நேரம் அடி பிசகாமல் பாடுவாள். வாசலில் குனிந்தால் புள்ளி தப்பாமல் கோலம் போடுவாள். இவ்வளவு பாட்டை நினைவில் வைத்திருக்கிறவளுக்கு 247 எழுத்து ஒரு பாரமா? பாடப் புத்தகத்துச் சொற்கள் அவள் வாயிலிருந்து வந்தவை இல்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஊரிலேயே ஒரு மாலை வகுப்பு தொடங்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் கல்லூரியில் படிக்கிறவராக இருக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியையாக இருக்கலாம், பட்டம் வாங்கிவிட்டு அந்த ஊருக்கே மருமகளாக வந்தவராகவும் இருக்கலாம். பெரிய நிதி தேவையில்லை. ஒரு வருடமாவது விடாமல் வர முடியுமா என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு மாதம் வந்துவிட்டு நின்றுபோகிற வகுப்பு, தொடங்காத வகுப்பைவிட அதிகக் கெடுதல் செய்யும். "படிப்பு நமக்கு வராது" என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அது இன்னொரு சாட்சி ஆகிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் பலர், முதல் அரைமணி நேரம் பாட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் பாடம் என்று பிரித்துவிடுகிறார்கள். பாட்டைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டுப் பாடத்தில் உட்கார வைக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு இரண்டாம் நாளே புரிந்துவிடும். பாட்டே பாடமாக இருக்க வேண்டும். கோலமே எழுத்துப் பயிற்சியாக இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

ஊருக்குள் நுழைவது

ஒரே ஒரு ஊரைத் தேர்ந்தெடுங்கள். பஸ் வசதி இருக்கிற ஊர், திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று உங்களுக்குத் தெரிந்த ஊர். பள்ளித் தலைமை ஆசிரியரையும் பஞ்சாயத்துத் தலைவரையும் பார்ப்பது முறை. ஆனால் உங்களுக்கு உண்மையான தகவல் தரப்போகிறவர் அங்கன்வாடி அக்காதான். எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள், எந்த வீட்டில் அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள், எந்தப் பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அடுத்து மகளிர் குழு. குழுக் கூட்டம் நடக்கிற நாளில் போய்ப் பத்து நிமிடம் பேச அனுமதி கேளுங்கள்.

தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித்தருவதற்காக 2021-இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையம் அந்த ஊரில் நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். அது ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கெனத் தொடங்கப்பட்டது. நடக்கிறது என்றால் அந்தத் தன்னார்வலரிடம் முதலில் பேசிவிட்டு, அவர் கைக்கு எட்டாத பெரிய பிள்ளைகளையும் இடையில் நின்றுபோனவர்களையும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். போட்டி வகுப்பு வேண்டாம்.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பாட்டும் வீதி நாடகமுமாகத்தான் கிராமங்களுக்கு எழுத்தைக் கொண்டுபோனது. புதுக்கோட்டையில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டதும் அந்த இயக்கத்தோடு சேர்ந்துதான். அன்றைக்கு அரிக்கேன் விளக்கில் கையெழுத்துப் போடக் கற்ற பெண்கள் இன்றைக்கு அப்பத்தாக்களாக, அம்மாச்சிகளாக இருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று தேடுங்கள். கிடைத்தால் வகுப்பின் முதல் நாள் அவரைத்தான் பேசச் சொல்ல வேண்டும்.

உசிலம்பட்டிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வட்டாரத்தின் பெயரோடு ஒட்டிப்போன பழைய பெண் சிசுக்கொலைப் பேச்சை எடுக்காதீர்கள். எடுத்தவர்கள் எல்லாரும் எழுதிக்கொண்டு போனார்கள், ஊருக்கு மிஞ்சியது அவப்பெயர்தான் என்று அங்கே பலருக்கு ஆறாத வருத்தம். நீங்கள் வந்திருப்பது இப்போது அங்கே வளர்கிற பிள்ளைகளுக்காக.

நேரமும் இடமும்

வகுப்பு நிலைப்பதும் கலைவதும் இங்கேதான் முடிவாகிறது. பாடத்திட்டத்துக்குச் செலவிடுகிற யோசனையைப்போல இரண்டு மடங்கு இதற்குச் செலவிடுங்கள்.

மல்லிகை போடுகிற ஊர்களில் விடிகாலை பிள்ளைகள் தோட்டத்தில் நிற்பார்கள். வெயில் ஏறுவதற்குள் மொட்டைப் பறித்து, பூ மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். கோடையில் பூ அதிகம், பறிக்கிற வேலையும் அதிகம். அதனால் காலை வகுப்பு என்ற பேச்சே கிடையாது. மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தண்ணீர் பிடிக்க வேண்டும், ஆடு இருந்தால் கட்ட வேண்டும், சோறு பொங்க வேண்டும். ஆறு மணியிலிருந்து ஏழரை வரை, வாரத்துக்கு மூன்று நாள் என்பது பெரும்பாலான ஊர்களுக்குப் பொருந்தும். ஆனாலும் நீங்களே முடிவு செய்யாமல் அம்மாக்களிடம் கேட்டு வையுங்கள். நேரத்தை அவர்களே சொன்னால், பிள்ளையை அனுப்புகிற பொறுப்பும் அவர்கள் கைக்குப் போய்விடும்.

ஏழரைக்கு முடித்தே ஆக வேண்டும். வீடு வரை துணை போக ஆள் வேண்டும். தெருவுக்கு ஒரு அம்மா முறை வைத்துக் கூட்டிப்போகலாம். ஒரு பிள்ளை ஒரு நாள் இருட்டில் தனியாக வீட்டுக்குப் போனாலும் மறுநாள் ஐந்து பிள்ளைகள் வரமாட்டார்கள்.

இடம் என்று வந்தால் பஞ்சாயத்துத் தலைவர் மந்தையையோ கோயில் மண்டபத்தையோ காட்டுவார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் ஊர்த் தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் பிள்ளைகள் தயங்காமல் வந்து ஒரே பாயில் உட்காரக்கூடிய இடமா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம். அங்கன்வாடி, பள்ளி வகுப்பறை, சமுதாயக் கூடம், ஊர்ப்புற நூலகம் இவற்றில் ஒன்று பெரும்பாலும் அமைந்துவிடும். வெளிச்சம், கழிப்பறை, திறந்து வைக்கக்கூடிய கதவு மூன்றும் கட்டாயம். கழிப்பறை இல்லாத இடத்துக்கு வயதுக்கு வந்த பிள்ளைகள் வரமாட்டார்கள். காரணத்தை உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

எப்போதும் இரண்டு பேர் இருங்கள், அதில் ஒருவராவது பெண். தனியாக ஒரு பிள்ளையோடு யாரும் இருக்கக்கூடாது. பிள்ளைகளின் படத்தை எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் ஆசை வரும். வேண்டாம். பெற்றோர் சம்மதம் இல்லாத ஒரு போட்டோ, ஒரு வருட உழைப்பைக் கெடுத்துவிடும்.

தம்பி தங்கைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு மூலையில் சிலேட்டும் கலர் சாக்பீஸும் போட்டுவிட்டால் அவர்கள் பாட்டுக்கு இருப்பார்கள்.

யாருக்கு எவ்வளவு தெரியும்

பரீட்சை என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்கார வைத்து நான்கு அட்டைகளைக் காட்டுங்கள்: சில எழுத்துகள், சில சொற்கள், இரண்டு வாக்கியம், ஒரு சிறு பத்தி. எங்கே நிற்கிறாள் என்று உங்கள் நோட்டில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதையே திரும்பச் செய்தால் போதும். எந்த வகுப்பில் படிக்கிறாள் என்பதை வைத்துப் பிரிக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எழுத்தில் திணறுவதும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சரளமாக வாசிப்பதும் ஒரே ஊரில் நடக்கும்.

பாட்டை எழுத்தாக்குவது

முதல் நாள், ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் கொடுங்கள். பெயரைத் தானே எழுதத் தெரிந்தவள் அட்டையைச் சுற்றிக் கோலம் போடட்டும். தெரியாதவள் பெயர் எழுத்துகளைப் பார்த்துக் கோலமாவில் தரையில் எழுதட்டும். விரலுக்கிடையில் மாவை விடுகிற லாகவம் பென்சில் பிடிக்கத் தெரியாதவளுக்கும் இருக்கும்.

அடுத்து கும்மி. வட்டமாக நின்று அவர்களுக்குத் தெரிந்த மெட்டில் பாடச் சொல்லுங்கள். பிறகு அதே மெட்டில் தங்கள் வீட்டைப் பற்றி, வேலையைப் பற்றிப் புதிதாக இரண்டு அடி கட்டச் சொல்லுங்கள். முதலில் வெட்கப்படுவார்கள், ஒருத்தி தொடங்கிவிட்டால் போதும். பூ பறிக்கிற வீட்டுப் பிள்ளை ஒருத்தி இப்படி இரண்டு அடி கட்டுகிறாள் என்று வையுங்கள்:

மல்லிகைப்பூ விலையேறுது – எங்க
ஆத்தா கூலி ஏறலையே

அவள் பாடியதைப் பாடியபடியே கரும்பலகையில் எழுதுங்கள். "ஏறலையே" என்பதை "ஏறவில்லையே" என்று திருத்தாதீர்கள். தன் வாயிலிருந்து வந்தது அப்படியே எழுத்தாகி நிற்பதை அவள் ஒரு முறை பார்க்க வேண்டும். எல்லாரும் சேர்ந்து பாடும்போது, நீங்கள் ஒவ்வொரு சொல்லின் கீழும் குச்சியை வைத்து நகர்த்துங்கள். இரண்டாவது முறை அவளே குச்சியைப் பிடிக்கட்டும். மூன்றாவது முறை பாட்டை நடுவில் நிறுத்தி, "குச்சி இப்ப எந்தச் சொல்லுல நிக்குது?" என்று கேளுங்கள். எழுத்துக்கூட்டாமலே சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் மெட்டு அவர்களைக் கைபிடித்து அங்கே கொண்டுவந்திருக்கும்.

இப்போது அந்த இரண்டு அடியையும் ஒரு சார்ட்டில் எழுதி, சொல் சொல்லாகக் கத்தரியுங்கள். கலைத்துப் போட்டு, திரும்ப அடுக்கச் சொல்லுங்கள். ஒரு சொல்லை ஒளித்துவைத்து, எது காணோம் என்று கேளுங்கள். அப்புறம்தான் எழுத்துக்கு வர வேண்டும். மல்லிகையில் ல், லி இரண்டும் இருக்கின்றன. விலையில் லை. கூலியில் மறுபடி லி. இரண்டே அடியில் ஒரே குடும்பத்தின் மூன்று எழுத்துகள் வந்துவிட்டன. இதையே வைத்து லா, லு, லோ என்று விரித்துக்கொண்டு போகலாம். "ஏறுது" என்பதில் இருக்கிற ற-வைப் பிடித்துக்கொண்டு சோறு, கயிறு, ஆறு என்று தேடச் சொல்லலாம். மரம், ஊர், கரும்பு என்று யாராவது சொன்னால் அதைத் தனிப் பத்தியில் எழுதிவையுங்கள். ர எங்கே, ற எங்கே என்ற சண்டை அவர்களுக்குள்ளேயே நடக்கட்டும். விதி சொல்லி மனப்பாடம் செய்வதைவிட அந்தச் சண்டை நன்றாக மனதில் நிற்கும்.

எழுத்தே தெரியாத பிள்ளைகளுக்கு அ, ஆ என்று வரிசையாகப் போகாதீர்கள். ட, ப, ம என்று கை எளிதாக ஓடுகிற வடிவங்களில் தொடங்கினால் சீக்கிரமே படம், மடம், பட்டம் என்று முழுச் சொல் வாசிக்க முடியும். முழுச் சொல் வாசித்த அன்றைக்குத்தான் நம்பிக்கை வருகிறது. துணைக்காலும் கொம்பும் வரும்போது கொஞ்சம் தடுமாறுவார்கள். கெ, கே, கொ, கோ நான்கையும் ஒரே வாரத்தில் திணிக்காதீர்கள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அதே பாட்டின் பக்கத்திலேயே எழுத்து வழக்கையும் எழுதிக் காட்டுங்கள்: "ஏறலையே", அதன் பக்கத்தில் "ஏறவில்லையே". வீட்டில் பேசுவது ஒன்று, விண்ணப்பத்தில் எழுதுவது ஒன்று, இரண்டும் நம் தமிழ்தான் என்று சொல்லுங்கள். தன் பேச்சு தாழ்ந்தது என்ற எண்ணம் பிள்ளைக்கு வந்துவிட்டால் அதற்குப் பிறகு வாயைத் திறக்க மாட்டாள்.

கோலத்துக்குக் குறிப்பு எழுதுவது

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. வாசிக்கத் தெரிந்து, எழுதத் தயங்குகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

ஏழு புள்ளி, நாலு வரை ஊடுபுள்ளிக் கோலம் ஒன்றை ஒருத்தி நோட்டில் போடட்டும். நடு வரிசையில் 7, மேலேயும் கீழேயும் 6, 5, 4. மொத்தம் எத்தனை புள்ளி என்று முதலில் கேளுங்கள். 37 என்று கணக்குப் போட்டுச் சொல்வதற்குள் கூட்டலும் பெருக்கலும் ஒரு சுற்று வந்துவிடும். பிறகு அந்தக் கோலத்தைப் பார்க்காத இன்னொருத்தி அதைப் போடும்படி ஒரு குறிப்பு எழுதச் சொல்லுங்கள். வாயால் எதுவும் சொல்லக்கூடாது, குறிப்பு மட்டும்தான்.

முதல் குறிப்பு அனேகமாக "அங்கிட்டு வளைச்சு இங்கிட்டுக் கொண்டா" என்றுதான் இருக்கும். வாசிக்கிறவள் விழிப்பாள், எல்லாரும் சிரிப்பார்கள். அங்கிட்டு என்றால் எங்கிட்டு என்ற கேள்வி வரும். அந்த இடத்தில்தான் இடது, வலது, மேல் வரிசை, மூன்றாவது புள்ளி, சுற்றி, நடுவே என்ற சொற்கள் அவளுக்குத் தேவைப்படுகின்றன. தேவைப்பட்டு வந்த சொல் மறக்காது. திருத்தித் திருத்தி எழுதி, மற்றவள் கோலத்தைச் சரியாகப் போட்டு முடிக்கிறபோது எழுதியவளின் முகத்தைப் பாருங்கள். ஊர்ப் பிள்ளைகள் எழுதிய குறிப்புகளைத் தைத்து ஒரு கோலப் புத்தகம் ஆக்கிவிடலாம். அம்மாக்கள் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.

எந்தக் கலை, எந்த அளவுக்கு

திருப்பரங்குன்றம் பக்கத்தில் விளாச்சேரி இருக்கிறது, பொம்மை செய்கிற ஊர். ஒரு முறை கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, கண்மாய் மண்ணில் பிள்ளைகளையே பொம்மை செய்யச் சொல்லி, அதை வைத்துக் கதை பேசச் சொல்லலாம். நேரில் வாய் திறக்காத பிள்ளை பொம்மை வழியாகப் பேசுவாள்.

சினிமாப் பாட்டுக்கு ஆட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வகுப்புக்குள் ஆடிக்கொள்ளட்டும். மேடையில் வேண்டாம் என்பது என் கருத்து. திருவிழா ஆடல்பாடல் நிகழ்ச்சிகளைப் பார்த்த அப்பாக்களுக்கு, பெண்பிள்ளை மேடையில் ஆடுவது என்றாலே அந்த நினைப்புதான் வரும். கும்மி, கோலாட்டம், ஒயில் என்றால் மறுப்பு வராது. முதல் வருடம் நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள்.

பறையைப் பற்றிக் கவனமாக இருங்கள். அருமையான கருவி, பெண்கள் அடிக்கிற குழுக்களும் இன்று உண்டு. ஆனால் காலனிப் பிள்ளையைப் பார்த்து "உங்க கலையாச்சே, நீ அடி" என்று சொல்லிவிடாதீர்கள். அவள் அப்பாவையும் தாத்தாவையும் சாவு வீட்டுக்கு அடிக்கக் கட்டாயப்படுத்திய ஊராகவும் அது இருக்கலாம். கற்றுக்கொடுப்பதாக இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்.

ஊரை விட்டு வெளியே

வருடத்துக்கு இரண்டு பயணமாவது வேண்டும். மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் செலவு சாப்பாட்டுக்குத்தான்.

இன்னொன்று கீழடி. சிவகங்கை மாவட்டம் என்றாலும் மதுரையிலிருந்து பக்கம்தான். அங்கே அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் ஆதன், குவிரன் என்றெல்லாம் பெயர்கள் கீறியிருக்கின்றன. இரண்டாயிரம் வருடத்துக்கும் முன்னால் யாரோ தன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு வந்த வாரமே, உடைந்த பானை ஓட்டை விளிம்பு தேய்த்துக் கொடுத்து, ஆணியால் தங்கள் பெயரைக் கீறச் சொல்லுங்கள். ஆதன் பெயர் இருக்கிற இடத்தில் தன் பெயரும் இருக்கலாம் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே புரிந்துகொள்வார்கள். வருகிற ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்காமல் எந்தப் பயணமும் கிளம்பாதீர்கள். இரண்டு மூன்று அம்மாக்களையும் கூட்டிப்போங்கள்.

ஒரு பிள்ளை திடீரென்று வராவிட்டால்

இரண்டு வகுப்பு தொடர்ந்து வரவில்லை என்றால் வீட்டுக்குப் போங்கள். பெரியமனுஷி ஆகியிருப்பாள், சடங்கு முடிந்தும் அனுப்பத் தயங்குவார்கள். இதற்கு அவசரப்படாமல் பேசினால் போதும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்த்து அனுப்பச் சொல்லலாம். ஏஜெண்டு வந்து மில் வேலைக்குப் பேசிவிட்டுப் போயிருக்கலாம். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டிப் பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போன கதை தென்மாவட்டங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த வீட்டில் பணத்தேவை உண்மையானது. அதனால் பணத்தைப் பற்றியே பேசுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் உண்டு. இவற்றைத் தாளில் எழுதிக் கொடுங்கள், அந்தப் பிள்ளையையே வீட்டில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

பள்ளியை விட்டு நின்றவளைத் திரும்பச் சேர்ப்பதற்கு வட்டார வள மையத்தில் கேளுங்கள். கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளி பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே சொல்வார்கள். கல்வி சம்பந்தமான சந்தேகங்களுக்கு 14417 என்ற எண் இருக்கிறது.

18 வயதுக்குள் கல்யாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். மாவட்ட சமூகநல அலுவலரிடமும் சொல்லலாம். நாடகம், பொம்மைக் கதை என்று வரும்போது சில பிள்ளைகள் தங்களுக்கு நடந்த கொடுமையைச் சொல்லிவிடுவார்கள். அமைதியாகக் கேளுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012-ஆம் வருடத்துப் போக்சோ சட்டப்படி, பாலியல் கொடுமை என்றால் நீங்கள் தகவல் சொல்லியே ஆக வேண்டும். இதற்கு யாரைக் கூப்பிடுவது, பிள்ளையோடு யார் இருப்பது என்று வகுப்பு தொடங்குவதற்கு முன்பே உங்களுக்குள் பேசி முடிவு செய்து வையுங்கள்.

பொங்கல் மேடை

ஜூனில் பள்ளி திறக்கும்போது தொடங்கினால் ஜனவரிக்குள் ஆறேழு மாதம் கிடைக்கும். பொங்கலுக்குப் பெரும்பாலான ஊர்களில் விளையாட்டுப் போட்டிகள் நடக்கும், நாடக மேடையும் மைக்செட்டும் தயாராக இருக்கும். இளைஞர் மன்றத்திடம் முன்கூட்டியே பேசி அரைமணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். பரிசு கொடுக்கிறார்களே அதற்கு முன்னால் வாங்குங்கள், பிறகென்றால் கூட்டம் கலைந்திருக்கும்.

பிள்ளைகள் தாங்கள் கட்டிய கும்மியைப் பாடி ஆடட்டும். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியும் மைக் முன்னால் வந்து, தான் எழுதியதைத் தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும். பாடினால் மட்டும் போதாது. பாடத் தெரியும் என்பது ஊருக்கு ஏற்கெனவே தெரியும், வாசிப்பதைத்தான் ஊர் பார்க்க வேண்டும். இரண்டு வரி வாசிக்கிறவளுக்கு இரண்டு வரி போதும். ஒத்திகையை மைக்கோடு செய்யுங்கள், தன் குரல் பெரிதாகக் கேட்டுப் பயந்துபோய் நிற்கிற பிள்ளைகள் உண்டு. முன்வரிசை நாற்காலிகளை அம்மாக்களுக்கும் அப்பத்தாக்களுக்கும் ஒதுக்குங்கள். பிரமுகர்கள் இரண்டாவது வரிசையில் உட்காரட்டும், கேட்டால் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த வகுப்பு எந்தக் கிழமை என்பதை மேடையிலேயே அறிவித்துவிடுங்கள். இதுவரை எட்டிப் பார்க்காத வீட்டுப் பிள்ளைகள் அந்த வாரம்தான் வருவார்கள். அவர்களுக்கு என்று பத்துப் பதினைந்து நோட்டும் பெயர் அட்டையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். எழுத்துக் குடும்பத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையைப் பழைய பிள்ளைகளிடம் கொடுங்கள்.